சாலையில் கேட்பது பாதிக் கதை

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு வரும் சாலை எழுபது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். பாறசாலை, களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வருகின்றன. ரப்பர் தோட்டம், வாழைத்தோப்பு, நகைக்கடை விளம்பரம், தேவாலயக் கோபுரம், மறுபடியும் வாழைத்தோப்பு. ஆளில்லாத வெளி என்று காட்ட ஓர் இடம்கூடக் கிடைக்காது. இதே வழியில்தான் முன்னொரு காலத்தில் அந்தி சாய்ந்தபின் தனியே நடக்க ஆண்கள் அஞ்சினார்கள் என்று மலையாளக் கதைகள் சொல்கின்றன. கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் பல பகுதிகளாக வெளியிட்ட ‘ஐதிஹ்யமாலை’யில் கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரவாதப் பாதிரியாரைப் பற்றிய கதை இருக்கிறது. பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடைப்பட்ட வழியில் அழகிய பெண்ணுருவில் நிற்கும் யட்சி, வழிப்போக்கர்களிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். நின்று கொடுத்தவன் வீடு திரும்பமாட்டான். கத்தனார் இரும்பாணியைக் கொண்டு அவளை அடக்குகிறார். அவர் அடக்கியது கள்ளியங்காட்டு நீலியைத்தான் என்று மக்கள் வழக்கில் சொல்வதும் உண்டு. கதையில் யட்சியின் அழகு இருக்கிறது, பசி இருக்கிறது, அவளைக் கட்டிய திறமை இருக்கிறது. அவள் உயிரோடு இருந்தபோது யார், எப்படிச் செத்தாள், கொன்றவன் யார் என்ற கேள்விகள் மட்டும் இல்லை.

அந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் இல்லை. சாலையை விட்டு இறங்கி ஊர்க்கோவில்களுக்குப் போனால் வில்லுப்பாட்டில் விடிய விடியப் பாடுகிறார்கள். பேயின் பிற்பாதியைச் சாலை வைத்திருக்கிறது. முற்பாதியைக் கோவில் வைத்திருக்கிறது. முற்பாதி பெரும்பாலும் காதல் கதை, துரோகத்தில் முடிந்த காதல் கதை. நாட்டார் நம்பிக்கையையும் காதலையும் குழைத்து எழுதப்படும் அமானுஷ்ய மர்ம நாவல்களை இந்த நிலத்தில் வைத்து வாசிக்கும்போது அவற்றைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் இரண்டு குறைகளும் தடுமாறுகின்றன. காதலை அதில் ஏன் நுழைக்க வேண்டும், பயத்தின் கூர்மை மழுங்கிவிடுகிறதே என்பது மர்மக்கதை விரும்பிகளின் குறை. ஊர்த் தெய்வத்தை ஒரு ஜோடியின் சரசத்துக்குப் பின்திரையாக்கிவிடுகிறார்கள் என்பது நாட்டாரியல் அறிந்தவர்களின் குறை. காதல் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டப்பட்டது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. என் கணிப்பில் இருவருமே சாலைக் கதையை மட்டும் கேட்டுவிட்டுப் பேசுகிறார்கள். இங்கே காதல்தான் வழக்கு. பேய் அதன் சாட்சி. மர்ம நாவல் என்ற வடிவம் பிணத்தில் தொடங்கிப் பின்னோக்கி நடக்கக்கூடியது என்பதால், சாலையில் விட்டுப்போன முற்பாதியைத் தேடிப் போக அதைவிடப் பொருத்தமான உரைநடை வடிவம் நமக்கு இல்லை.

தக்கலையில் இறங்கினால் பத்மநாபபுரம் இரண்டு கிலோமீட்டர். மலையாளத்தின் தொடக்ககால நாவல்களில் ஒன்றான சி.வி.ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ (1891) இந்த ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் களமாகக் கொண்டது. அதை வரலாற்று நாவல் என்றே வகைப்படுத்துவார்கள். கதை தொடங்கும் விதமோ அசல் மர்ம நாவலுக்கு உரியது. பஞ்சவன்காடு என்ற காட்டில் வெட்டுப்பட்டு ரத்தம் வழிய ஓர் இளைஞன் கிடக்கிறான். வழிப்போக்கர் கூட்டமொன்று அவனைக் கண்டு எடுத்துச் செல்கிறது. அனந்தபத்மநாபன் என்ற இளைஞன் செத்துவிட்டான் என்று நாடெங்கும் பேச்சு. அவனை நேசித்த பாறுக்குட்டி அதை ஏற்க மறுக்கிறாள். அவளை அடைய விரும்பும் பத்மநாபன் தம்பி என்பவனுக்கு அந்தச் சாவு வசதியாக இருக்கிறது. ஊடே ஒரு பைத்தியக்காரச் சான்னான் வந்து போகிறான், ஒரு காசிவாசி வருகிறார். முடிச்சு மெல்ல அவிழ்கிறது. அந்தக் காட்டுக்கு யட்சியின் பெயர் உண்டு என்பதை நாவல் வாசகரிடம் சொல்லியே வைக்கிறது. அங்கே விழுந்த பிணத்துக்கு யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள், யட்சி அடித்துவிட்டாள் என்ற ஒரு சொல்லில் எல்லாம் அடங்கிவிடும். பேய்ப்பயம் கொலைகாரனுக்கு எவ்வளவு பெரிய மறைப்பு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய கதை அந்தக் காலத்தில் குறைவு. கொலை முயற்சியின் காரணம் காட்டில் இல்லை, செம்பகச்சேரி வீட்டுப் பெண்ணான பாறுக்குட்டியின் காதலில் இருக்கிறது. அரசியல் சூழ்ச்சியைத் தனியே பிரித்துப் படிப்பவர்கள் பாறுக்குட்டியின் பகுதிகளைப் புரட்டித் தள்ளிவிடுவது உண்டு. அப்படித் தள்ளினால் காட்டில் கிடந்தவன் யாரென்பதே விளங்காமல் போகும்.

பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது. பராமரிப்பது கேரள அரசு. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் இந்தப் பக்கம் சேர்ந்தபோது கட்டடம் மட்டும் அந்தப் பக்கத்தோடு உறவை வைத்துக்கொண்டது. கதைகளும் இங்கே அப்படித்தான், இரண்டு மொழிகளிலும் உரிமையோடு உட்கார்ந்திருக்கின்றன. பளபளக்கும் கருந்தரையில் வெறுங்காலோடு நடந்து செல்லும் பயணிகளில் பாதிப் பேர் பேசிக்கொள்வது திருவிதாங்கூர் மன்னர்களைப் பற்றி அல்ல, இங்கே படமாக்கப்பட்ட ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) பற்றி. மது முட்டம் எழுத, ஃபாசில் இயக்கிய அந்தப் படம் நாவல் இல்லைதான், என்றாலும் இந்த வகைக் கதையின் உள்கட்டமைப்பை அதைப்போல் திறந்து காட்டியது வேறில்லை. தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆடல்மகள் நாகவல்லி, எதிர்வீட்டு ராமநாதனை நேசித்ததற்காகக் குடும்பத் தலைவரான காரணவரால் கொல்லப்படுகிறாள். பல தலைமுறை கழித்து அந்த வீட்டுக்கு வரும் மருமகள் கங்கா நாகவல்லியாக மாறுகிறாள். மனநல மருத்துவர் வந்து பேய் இல்லை, நோய்தான் என்று கண்டுபிடிக்கிறார். இதோடு கதை முடிந்திருந்தால் அறிவியல் வென்றது என்று எல்லாரும் எழுந்து போயிருக்கலாம். மருந்து எழுதிக் கொடுப்பதோடு அவர் நிறுத்தவில்லை. நாகவல்லி தன் கொலையாளியைப் பழிவாங்குவதாக ஒரு காட்சியை ஏற்பாடு செய்து, பொம்மையை வெட்டவிட்டு, அதன் பிறகே கங்காவை மீட்கிறார். பேயை மறுத்த மருத்துவராலும் பழைய கொலையை மறுக்க முடியவில்லை. முற்பாதிக்கு நியாயம் கிடைக்காமல் பிற்பாதி அடங்காது என்ற கோவில் வழக்கம் மருத்துவத்தின் வேடத்தில் உள்ளே வந்துவிட்டது.

அரண்மனைக்குப் பின்னால் தெரிவது வேளிமலை. அதன் அடிவாரத்துக் குமாரகோவிலில் முருகன் வள்ளியோடு நிற்கிறார். திருக்கல்யாணத்தின்போது குறவர் படுகளம் நடித்துக் காட்டப்படுகிறது: பெண்ணைக் கொண்டுபோனவனை எதிர்த்து வள்ளியின் உறவுக்காரர்கள் போரிட்டு விழுகிறார்கள், பிறகு கல்யாணம் நடக்கிறது. குலம் தாண்டிய காதல், உறவினரின் சினம், ஆயுதம் என்று கொலையில் முடிவதற்கு வேண்டியதெல்லாம் அங்கே இருக்கிறது. மணமகன் தெய்வமாக இருந்ததால் அது மங்கலமாக முடிந்தது. மனிதர்கள் இதே காதலைச் செய்தால் என்ன ஆகும் என்பதைச் சுற்றியுள்ள ஊர்களின் மற்றக் கோவில்கள் சொல்கின்றன.

நாகர்கோவிலின் மேற்கு ஓரத்தில் கள்ளியங்காடு இன்று வீடுகள் நெருங்கிய பகுதி. அதன் பெயரைச் சுமக்கும் நீலியின் கதை வில்லுப்பாட்டில் இப்படித் தொடங்குகிறது: தேவதாசிக் குடும்பத்துப் பெண் லட்சுமி ஒரு பிராமண இளைஞனை விரும்புகிறாள். அவன் கையிலிருந்த பொருளெல்லாம் அந்த வீட்டில் கரைந்ததும் தாய் அவனைத் துரத்திவிடுகிறாள். பெண்ணோ தாயை விட்டு அவன் பின்னால் போகிறாள். காட்டுவழியில் கள்ளிச்செடியின் கீழ் அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். அவன் மணலைக் கூட்டித் தலையணையாக்கி, அவள் தலையை மெல்ல அதில் இறக்கிவைத்துவிட்டு எழுந்து, கல்லைத் தூக்கி அந்தத் தலைமேல் போடுகிறான். நகைகளை எடுத்துக்கொள்கிறான். பார்த்தது கள்ளி ஒன்றுதான். தேடி வந்த அண்ணனும் அங்கேயே உயிரை விடுகிறான். மறுபிறப்பில் அவள் நீலி, கொன்றவன் செட்டி. கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவனைத் தேடிப் புறப்படுகிறாள். அந்த மணல் தலையணையைப் பாருங்கள். கொல்லப்போகிறவன் அவள் விழித்துவிடக் கூடாதே என்று காட்டும் கவனம், ஒரு நொடி முன்பு வரை காதலனின் கவனமாகவே தெரிகிறது. எந்த நாவலாசிரியரும் பொறாமைப்படக்கூடிய நுணுக்கம் இது. சாலையில் சுண்ணாம்பு கேட்பவளைப் பற்றிய கதையில் இதற்கு இடமே இல்லை.

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி நோக்கிப் போனால், ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளுக்கு நடுவே முப்பந்தல் இசக்கியம்மன் கோவில் வருகிறது. பேருந்து ஓட்டுநர்கள் வேகம் குறைத்துக் கும்பிட்டுப் போகிறார்கள். யட்சிதான் தமிழில் இசக்கி. கையில் குழந்தையோடு நிற்கும் அவளுக்கு மக்கள் தொட்டிலும் மண்ணில் செய்த குழந்தை உருவும் காணிக்கை வைக்கிறார்கள். கர்ப்பிணிகள் அஞ்சுவதும் பிள்ளை வரம் கேட்டு வருவதும் ஒரே தெய்வத்திடம். சாலைக் கதையை மட்டும் அறிந்தவருக்கு இது முரணாகத் தெரியும். முற்பாதியைக் கேட்டவருக்கு அதில் முரண் இல்லை. வாழ்வு மறுக்கப்பட்ட பெண்ணிடம்தான் வாழ்வைக் கேட்கிறார்கள். இந்த நினைவு எவ்வளவு பழையது என்பதற்கு மார்த்தாண்டத்துக்கு அருகே சிதறால் மலையில் ஒரு தடயம் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமணப் பாறைச் சிற்பங்களில், சிங்கமும் இரண்டு குழந்தைகளும் பக்கத்தில் இருக்க அம்பிகா யட்சி நிற்கிறாள். துறவிக்குச் சோறிட்டதற்காகக் கணவனால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டுக் குழந்தைகளோடு போய் உயிர்விட்ட பெண் அவள் என்றும், துரத்தியவனே சிங்கமாகி அவளுக்கு வாகனமானான் என்றும் சமண மரபு சொல்கிறது. யட்சியாக ஆவதற்கு முன் அவள் மனைவியாக இருந்தாள் என்பதை அந்தப் பாறை அருகில் நிற்கும் குழந்தைகளைக் கொண்டு நினைவூட்டுகிறது.

இங்கே ஒரு கனமான மறுப்பு வரும். வில்லுப்பாட்டு வழிபாடு, நாவல் பொழுதுபோக்கு. கொடை விழாவில், குடமும் உடுக்கும் முழங்க, அந்தத் தெய்வத்தின் முன்னால், அதைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்கள் கூடியிருக்கப் பாடப்படும் கதையைத் தனியறையில் படுத்துக்கொண்டு படிக்கும் புத்தகத்தோடு எப்படி ஒப்பிடலாம்? ஒப்பிட முடியாதுதான், சாமி இறங்காத வாசிப்பு வேறு வகை. ஆனால் இந்த மறுப்பைச் சொல்பவர்கள் சடங்கு தன் கதையிடம் என்ன கேட்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தென் மாவட்ட வில்லுப்பாட்டை நேரில் ஆராய்ந்து ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் எழுதிய நூல், பிறப்புக் கதைகளையும் இறப்புக் கதைகளையும் பிரித்துக் காட்டுகிறது. கொலையுண்டு தெய்வமானவர்களின் கதைகள் இரண்டாம் வகை. அவற்றில் கொலை பாடப்படும் கட்டத்தில் சாமியாட்டம் உச்சம் கொள்கிறது. அந்தக் கட்டத்துக்கு வரும்வரை மணிக்கணக்கில் பாடப்படுவது வாழ்க்கை: பிறந்தது, வளர்ந்தது, விரும்பியது, நம்பியது. அது இல்லாமல் சாமி வராது. அதாவது காதலைச் சுருக்கச் சொல்வது நவீன வாசகரின் அவசரம். சடங்குக்கு அந்த அவசரம் கிடையாது. நாட்டார் கதையை நாவலில் மலினப்படுத்துகிறார்கள் என்று சினப்படுபவர், காதல் அதிகம் என்று சினப்படக் காரணமில்லை. காதல் கொலையோடு தொடர்பில்லாமல் தனியே மிதக்கிறது என்று சினப்பட்டால் நானும் உடன் சேர்வேன். துப்பறிய வந்த பட்டணத்து இளைஞனுக்குக் கடைசியில் பரிசாக ஊர்ப்பெண் ஒருத்தியைக் கட்டிவைக்கும் கதைகள் மாத நாவல்களில் நிறைய வந்துவிட்டன. கோட்டயம் புஷ்பநாத்தின் மாந்திரீக நாவல்கள் தமிழில் வந்து புகழ்பெற்ற காலத்திலிருந்தே அந்தக் கள்ளநகல்கள் உண்டு. அங்கே பேயின் காதலும் மனிதரின் காதலும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை.

காதலில் கைவைத்துக் கெடுப்பது நாவலாசிரியர்கள் தொடங்கிய வேலை என்றும் சொல்ல முடியாது. பாபநாசத்தில் வனத்துறைச் சோதனைச்சாவடியைத் தாண்டிக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள் ஏறினால் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவில். ஆடி அமாவாசைக்கு ஆற்றங்கரை முழுக்கக் குடில்கள் முளைத்துவிடும். அங்கே பட்டவராயன் சன்னதியில் தேங்காய் பழத்தோடு தோல் செருப்புகளும் காணிக்கையாகக் கிடக்கின்றன. புதுத்தோலில் தைத்துக் கட்டித் தொங்கவிட்டவை அடுத்த ஆண்டு பார்க்கும்போது அடி தேய்ந்து, மண் ஒட்டி இருக்கும், காடு காக்கப் பட்டவராயன் மாட்டிக்கொண்டு நடக்கிறார் என்கிறார்கள். கோவிலுக்குள் செருப்பு நுழையக் கூடாது என்று கேட்டே வளர்ந்த நாட்டில் செருப்பையே காணிக்கையாக ஏற்கும் இந்தத் தெய்வம் முத்துப்பட்டன் என்ற பிராமணன். காட்டில் பாட்டுச் சத்தம் கேட்டுப் போய், பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியச் சகோதரிகளைக் கண்டு மயங்கியவன். அவர்களின் தந்தை வாலப்பகடை போட்ட நிபந்தனையை ஏற்றுப் பூணூலை அறுத்து, குடுமியை எறிந்து, தோல் பதனிட்டுச் செருப்புத் தைத்துக் காட்டிய பிறகே அவனுக்குப் பெண் கிடைக்கிறது. மணமான உடனேயே மாட்டைக் கொள்ளையடிக்க வந்தவர்களோடு போரிட்டுச் சாகிறான். மனைவியர் இருவரும் தீயில் இறங்குகிறார்கள். நாட்டாரியல் ஆய்வாளர் நா.வானமாமலை இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தபோது, சில வடிவங்களில் சகோதரிகள் உண்மையில் பிராமணப் பெண் பெற்றுக் காட்டில் விட்ட குழந்தைகள், பகடை எடுத்து வளர்த்தவர்கள் என்று ஒரு பகுதி சேர்க்கப்பட்டிருப்பதைக் கவனித்துச் சொன்னார். காதலை அழிக்க முடியாதவர்கள் அதன் சாதியை மாற்றிவிட்டார்கள். முற்பாதியைத் திருத்தினால் பிற்பாதியின் தெய்வம் வேறு ஆளாகிவிடும் என்பதை அந்த இடைச்செருகலைச் செய்தவர் நன்றாக அறிந்திருக்கிறார். செருப்பு மட்டும் திருத்தத்துக்கு அடங்காமல் சன்னதியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இந்த வகை நாவலை மதிப்பிட எனக்குத் தெரிந்த நம்பகமான உரைகல் இதுதான்: காதலைத் தடுத்தது எது என்பதை ஆசிரியர் பெயர் சொல்லி எழுதுகிறாரா, அல்லது சாபம், ஜாதகம், பூர்வஜென்மம் என்று பூசி மெழுகுகிறாரா?

எல்லாத் தெய்வமும் காதலில் பிறந்ததல்லவே என்று கேட்கலாம். உண்மை. சுடலைமாடன் சிவபார்வதியரின் பிள்ளையாகப் பிறந்த தெய்வம். கருப்பசாமி பல ஊர்களில் காவலன். தப்புச் செய்தவனைத் தண்டிப்பவன். 2024இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விடாது கருப்பு’ அந்தக் காவல்தெய்வத்தைச் சுற்றியே பின்னப்பட்டது. 1990களில் நாகாவின் இயக்கத்தில் தொலைக்காட்சித் தொடராக வந்து ஒரு தலைமுறையையே இருட்டில் வாசலுக்கு வரவிடாமல் செய்தது. சௌந்தர்ராஜனின் பலம், உளவியல் விளக்கத்தையும் நம்பிக்கையையும் கடைசிவரை பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பது. அங்கே மர்மத்தின் அச்சு குற்றமும் தண்டனையும். அத்தகைய கதைகளில் காதல் ஓரமாக நிற்பதே சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். என் வாதம் இசக்கி, நீலி, பட்டவராயன், மதுரை வீரன் என்று நேசத்துக்காகவோ நேசத்தினாலோ வெட்டுண்டவர்களின் வரிசைக்கு உரியது. அது சிறிய வரிசை இல்லை. காவல்தெய்வக் கதைகளுக்குள்ளும் அந்த ரத்தம் கசிகிறது. சுடலையின் கதையில் காளிப்புலையனின் கர்ப்பிணி மகள் மாவிசக்கி பலியாகும் இடத்தைப் பாடக் கேட்பவர் அதை வெறும் தெய்வ விளையாட்டாகக் கடந்துபோக முடியாது.

இன்னொரு மறுப்பு பெண்கள் பக்கத்திலிருந்து வருகிறது. இருப்பவற்றில் வலுவானதும் இதுதான். யட்சிக் கதை ஆணின் பயத்தில் விளைந்தது, தனியே நடக்கும் அழகான பெண் ஆபத்தானவள் என்று சொல்லிக்கொடுப்பது, அதைக் காதலோடு குழைத்து விற்றால் நஞ்சுக்குத் தேன் தடவிய கதைதானே என்கிறார்கள். சாலைக் கதையைப் பொறுத்தவரை இதற்கு மறுமொழி இல்லை. அது அப்படியேதான் வேலை செய்தது. மலையாற்றூர் ராமகிருஷ்ணனின் ‘யட்சி’ (1967) அந்த வேலையை உள்ளிருந்தே பிரித்துப் போட்ட நாவல். வேதியியல் பேராசிரியர் சீனிவாசனின் முகம் ஆய்வுக்கூட விபத்தில் அமிலம்பட்டுச் சிதைகிறது. அதுவரை அவனைச் சுற்றியவர்கள் விலகிப் போகிறார்கள். அப்போது ராகிணி என்ற அழகி அவனைத் தேடி வருகிறாள், மணக்கிறாள். சிதைந்த முகத்தை ஒருத்தி நேசிக்கக்கூடும் என்று அவனால் நம்ப முடியவில்லை. அவள் யட்சியாக இருந்தால் மட்டுமே அந்த நேசம் அவனுக்கு விளங்கும். பூர்வீகம் தெரியாத பெண் என்பதில் தொடங்கி ஒவ்வொரு தடயமாக அவன் சேர்த்துக்கொண்டே போகிறான். மர்ம நாவல் வாசித்துப் பழகிய நாமும் கூடச் சேர்க்கிறோம். ராகிணிக்கு முற்பாதி கொடுக்காமல் ஆசிரியர் வைத்திருப்பது அவளை மர்மமாக்க மட்டும் அல்ல. முற்பாதி தெரியாத பெண்ணை எவ்வளவு எளிதாகப் பேயாக்கிவிடுவோம் என்பதை வாசகரின் மூளைக்குள்ளேயே நடத்திக் காட்டுகிறார். காதல் கதை என்று நினைத்து எடுத்தவரையும் பேய்க்கதை என்று நினைத்து எடுத்தவரையும் ஒரே குற்றத்தில் உடந்தையாக்கும் புத்தகம் அது. மூடநம்பிக்கையை வளர்க்கும் வகை என்று இந்த நாவல்களை மொத்தமாக ஒதுக்குபவர்கள் முதலில் இதைப் படித்துவிட்டு வர வேண்டும்.

நாகர்கோவிலில் ஏறினால் இரவெல்லாம் ரயில் வடக்கே ஓடுகிறது. நீலி செட்டியைத் துரத்திப் போன ஊர் சென்னைக்கு மேற்கே, அரக்கோணம் போகும் பாதையில் இருக்கிறது. திருவாலங்காடு நிலையத்தில் இறங்கினால் இரத்தினசபை, பக்கத்தில் பழையனூர். அங்கே எழுபது வேளாளர் கூடியிருந்த சபையில் ஒரு வழக்கு நடந்தது. குழந்தையோடு வந்த பெண், இவன் என் கணவன் என்கிறாள். இவள் பேய், என்னைக் கொல்ல வந்தவள் என்கிறான் செட்டி. குழந்தையை இறக்கிவிட்டால் அது அவனிடமே போகிறது. எழுபது பேரும் அவளை நம்பி, அவன் உயிருக்குத் தாங்கள் பொறுப்பு என்று சொல்லி இருவரையும் ஒரே அறையில் விடுகிறார்கள். விடிந்தால் செட்டி பிணம். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் இத்தலத்தைப் பாடும்போதே ஒருத்தி வஞ்சித்து உயிர் கொண்ட செய்தியைக் குறிப்பிடுகிறார். 14ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரின் வரலாற்றைப் பாடிய உமாபதி சிவம் வாக்குத் தவறாத வேளாளர் பெருமையாக இதைச் சொல்கிறார். இரண்டிலும் வஞ்சனை நீலியுடையது. கள்ளியின் கீழ் நடந்த கொலையைத் தெற்கே வில்லடிப்பவர்கள்தான் விடாமல் பாடுகிறார்கள். அதைக் கேட்டுவிட்டு இந்தச் சபைக்குத் திரும்பினால் வழக்கு வேறாகத் தெரிகிறது: அவள் அவனுடைய காதலி என்பது உண்மை, அவனைக் கொல்ல வந்தவள் என்பதும் உண்மை. இருவருமே பொய் சொல்லவில்லை. எழுபது பேரும் தவறிய இடம் ஒன்றுதான்: இந்தப் பெண்ணுக்கு உன்மேல் என்ன கோபம் என்று செட்டியைக் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்கும் பொறுப்பை நாவலாசிரியர் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டால் கதையை யார் சொல்வது என்ற சிக்கல் உடனே வரும். இந்த வகையில் நான் வாசித்த பெரும்பாலானவற்றில் கதை சொல்வது துப்பறிபவன், கணவன், மருத்துவன், ஊர்ப்பெரியவர். யட்சி பேசுவது கடைசி அத்தியாயத்தில், அதுவும் பெரும்பாலும் வேறொருத்தியின் வாய் வழியாக. திருவாலங்காட்டிலேயே அதற்கு மாற்று இருக்கிறது. காரைக்காலில் கணவனால் கைவிடப்பட்ட புனிதவதி என்ற காரைக்கால் அம்மையார், அவனுக்காகத் தாங்கிய அழகு இனி வேண்டாம் என்று உதறிப் பேயுருவைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்த ஊர் இது. இங்குள்ள சுடுகாட்டை, கள்ளியும் நரியும் பேய்களும் சூழ, உள்ளே நிற்பவளின் பார்வையில் பதிகங்களாகப் பாடி, பாடியவள் காரைக்கால் பேய் என்று தன் பெயரையும் அதில் வைத்திருக்கிறாள். நீலியின் ஊரில், நீலிக்குக் கிடைக்காத தன்மை ஒருமையில், ஒரு பேய் எழுதிய பிரதி தமிழில் சுமார் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக இருக்கிறது. இந்த நாவல்களை எழுதுபவர்கள் வெளிநாட்டுத் திகில் கதைகளில் உத்தி தேடுவதற்கு முன் அதை ஒருமுறை மர்மக்கதை எழுதுபவரின் கண்ணோடு வாசித்துப் பார்க்கலாம்.